காது மந்தத்துக்குக் கைவைத்தியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது மந்தம் என்பது ஒரே நோய்தானே? ஒரு நல்ல மருந்தை விட்டால் சரியாகிவிடாதா?

காதுக்குள் எந்த இடத்தில் கோளாறு என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். காது மடலில் தொடங்கி உள்ளே போகும் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ. நீளம். அதன் முடிவில் ஜவ்வு என்று நாம் சொல்லும் செவிப்பறை குறுக்கே மூடியிருக்கிறது. ஜவ்வுக்குப் பின்னால் நடுக்காது, அங்கே மூன்று சிறு எலும்புகள். அதற்கும் பின்னால், மண்டையோட்டின் மிகக் கடினமான எலும்புக்குள் புதைந்திருக்கிறது நத்தைக்கூடு போன்ற உள்காது.

ஜவ்வில் ஓட்டை இல்லாதவரை, வெளியிலிருந்து ஊற்றும் எதுவும் ஜவ்வு வரைதான் போகும். அழுக்கு அடைத்த காதுக்குச் சொட்டு மருந்து உதவலாம். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் வெளியிலிருந்து விட்ட எண்ணெய் அந்த நீரைத் தொடக்கூட முடியாது. உள்காதில் பிறக்கும்போது சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. வயது, பட்டாசுச் சத்தம், விசைத்தறி, சில மருந்துகள் எனப் பல காரணங்களால் அவை அழியும். மனிதர்களுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. “நரம்பு மந்தம்” என்று மருத்துவர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எந்தச் சாறும் எந்தத் தைலமும் அங்கே போய்ச் சேராது.

ஆகவே காதில் எதையாவது விடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி “என்ன விடலாம்?” என்பதில்லை, “எங்கே கோளாறு?” என்பதுதான். விளக்கும் கருவியும் இல்லாமல் அதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் இதமாகத்தானே இருக்கிறது? அதிலென்ன ஆபத்து?

இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் விட்டு, இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, அடுப்பில் காட்டுகிறோம். பூண்டைச் சுற்றி நுரை பொங்குகிறதே, அது பூண்டிலுள்ள தண்ணீர் கொதித்து வெளியேறுவது. அப்போதே அந்த இடம் 100 டிகிரியைத் தொட்டுவிட்டது. பூண்டு சிவக்கும்போது எண்ணெய் அதையும் தாண்டிப் போயிருக்கும். அடுப்பை அணைத்ததும் நுரை அடங்கிவிடும். எண்ணெயிலிருந்து தண்ணீரைப் போல ஆவி எழும்பாது, மேற்பரப்பு அசையாமல் கிடக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு ஆறிவிட்ட மாதிரியே தெரியும். கரண்டியின் கனத்த இரும்போ சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

விரலால் தொட்டுப் பார்த்து “இளஞ்சூடுதான்” என்று முடிவு செய்வதும் ஏமாற்றும். விரல் நுனித் தோல் தடிப்பானது. காதுக்குழாயின் உட்பகுதியில் தோலுக்குக் கீழே கொழுப்பே கிடையாது, நேராக எலும்பு. ஜவ்வின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ., ஒரு தாளின் கனம். தலைசுற்றல் நோயாளிகளைச் சோதிக்க மருத்துவமனையில் 30 டிகிரித் தண்ணீரும் 44 டிகிரித் தண்ணீரும் காதில் விடுவார்கள். உடல் சூட்டைவிட 7 டிகிரி கூடினாலோ குறைந்தாலோ போதும், சமநிலை உறுப்பு கலங்கித் தலை சுற்றும். அப்படியென்றால் 50, 60 டிகிரி எண்ணெய் என்ன செய்யும்? தோல் வெந்து கொப்புளம் போடும், ஜவ்வில் ஓட்டை விழலாம், ஆறும்போது குழாயே சுருங்கிப்போகலாம். குழந்தைக்கென்றால் இன்னும் மோசம். திமிறும் தலையைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவதால் அளவும் தப்பும்.

பச்சைப் பூண்டைத் தோலில் வைத்துக் கட்டினால் புண்ணாகும் என்பது கிராமத்தில் பலருக்குத் தெரியும். அதே பல்லை உரித்துக் காதில் செருகுவதும் அதே வேலையைத்தான் செய்யும். இரவில் வைத்த பல் வீங்கிய தோலுக்குள் சிக்கிக்கொண்டால், அதை எடுக்க மயக்க மருந்து வரை போக நேரிடும்.

பாட்டி காலத்திலிருந்து செய்கிறோம். பலருக்குக் குணமானதைக் கண்ணால் பார்த்திருக்கிறோமே?

பார்த்தது பொய்யில்லை. குணமானதற்குக் காரணம் எண்ணெய்தான் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிசகு. குழந்தைகளுக்குச் சளியோடு வரும் காதுவலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே தணியும். சளி இறங்கியதும் காதடைப்பும் விலகும். லேசான அழுக்கு, எண்ணெயில் ஊறி இளகி வெளியே வந்திருக்கும். அதில் எண்ணெய்க்கு உண்மையிலேயே பங்குண்டு. கேட்காமலே போனவர்களின் கதையை ஊரில் யாரும் எண்ணெயோடு சேர்த்துச் சொல்வதில்லை, “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடுகிறார்கள்.

காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை. சளியாக இருக்கும், நாலு நாள் பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மூன்று நாளுக்குள் ஒரு காதின் கேட்கும் திறன் சட்டென்று இறங்குவதைத் திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு என்கிறோம். வலி இருக்காது. காது அடைத்த மாதிரி இருக்கும், “ங்ங்” என்று இரைச்சல் கேட்கும், சிலருக்குத் தலை சுற்றும். வலி இல்லாததாலேயே மக்கள் “தண்ணி போயிருக்கும்”, “காத்து அடைச்சிருக்கும்” என்று எண்ணெய் விட்டு, ஆவி பிடித்து, பத்து நாளைக் கழித்துவிட்டு வருகிறார்கள். இதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். அதிலும் முதல் சில நாட்கள் மிக முக்கியம். தாமதமானால் ஜவ்வு வழியே நடுக்காதுக்குள் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் ஆறு வாரம் வரைதான் இடமிருக்கிறது. இங்கே எண்ணெய் காதைச் சுடாமல் இருந்தாலும் கேடுதான், அது தின்றது நாட்களை.

மருத்துவரிடம் கிளம்பும் முன் ஒன்று செய்து பாருங்கள். வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்” என்று முனகுங்கள். சத்தம் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் அழுக்கு, சளி போன்ற அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் சத்தம் ஒதுங்கினால் நரம்பு வகை என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். முடிவு எதுவாக இருந்தாலும் இந்த முனகல் சோதனை, கேட்கும் திறனைக் கருவியால் அளக்கும் ஆடியோகிராமுக்கு ஈடாகாது.

ஸ்டீராய்டு மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எகிறும், அளவும் நாட்களும் எடைக்கும் நோய்க்கும் ஏற்ப மாறும்.

பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்கும் இதே எச்சரிக்கை. கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அந்த வைரஸ் ஒரு காதை முழுவதுமாகச் செவிடாக்கிவிட்டுப் போவதுண்டு. வீக்கம் வடிந்தபின், ஒவ்வொரு காதாக மூடி, பிள்ளைக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பேசிப் பாருங்கள்.

அழுக்குதான் அடைத்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் எப்படிப் பாதுகாப்பாக இளக்குவது?

நாம் அழுக்கு என்று சொல்லும் குறும்பி உண்மையில் அழுக்கே கிடையாது. காதைப் பூச்சியிலிருந்தும் கிருமியிலிருந்தும் காக்கச் சுரப்பது. குழாயின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டும்தான் அது உண்டாகிறது; தோல் மெதுவாக வெளிநோக்கி நகர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பலருக்கு எதுவுமே செய்யத் தேவையில்லை. அடைத்து இறுகினால் இப்படிச் செய்யலாம்:

1. ஜவ்வில் ஓட்டை இல்லை, சீழ் இல்லை, முன்பு காதில் அறுவை ஆகவில்லை என்பது உறுதியாக வேண்டும்.
2. மருத்துவர் எழுதிய சொட்டு மருந்து (சோடா கிளிசரின் போன்றது) பாட்டிலை இரண்டு மூன்று நிமிடம் உள்ளங்கைக்குள் மூடிப் பிடியுங்கள். வெந்நீரில் போடாதீர்கள். சில்லென்று விட்டால் தலை சுற்றும்.
3. அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னும் இழுத்தால் குழாய் நேராகும். சின்னக் குழந்தைக்குக் கீழும் பின்னும்.
4. 4 அல்லது 5 சொட்டு விட்டு, 5 நிமிடம் அப்படியே இருங்கள். எழுந்து வழிவதைத் துடைத்தால் போதும், பஞ்சை உள்ளே திணிக்க வேண்டாம்.
5. நாளுக்கு 2 அல்லது 3 முறை, 3 முதல் 5 நாள்.

முதல் இரண்டு நாளில் அடைப்பு கூடின மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள். குறும்பி ஊறிப் பெருத்திருக்கிறது. வலியோ எரிச்சலோ வந்தால் மட்டும் நிறுத்துங்கள். இளகியதை எடுப்பதை மருத்துவரிடம் விடுங்கள். சமையல் சோடாவை வீட்டிலேயே கரைத்து ஊற்றாதீர்கள். அளவும் சுத்தமும் கைக்கு அடங்காது.

பட்ஸ், கொண்டை ஊசி, கோழி இறகு?

குறும்பி வெளிப்பகுதியில்தான் உண்டாகிறது என்றோம். பிறகு ஜவ்வின் மேல் ஒட்டிக் கிடப்பது எப்படி? நாம் பட்ஸால் இடித்து உள்ளே தள்ளியதுதான். ஊக்கும் கொண்டை ஊசியும் தோலைக் கீறும், கீறலில் கிருமி ஏறும். யாராவது முழங்கையைத் தட்டிவிட்டால் ஜவ்வு கிழியும். பேருந்து நிலையத்தில் காது சுத்தம் செய்பவரிடம் உட்காருவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒரே கம்பி பல காதுகளுக்குள் போய் வருகிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைத்து அழுக்கு வந்துவிடுகிறதே?

நுரை வருவதே சுத்தம் நடக்கிறது என்பதற்கு அடையாளமாகாது. காயத்துக்கென்று மருந்துக் கடையில் விற்கும் பாட்டில்களில் 6 சதவீதம் வரையிலானவை உண்டு. அது குழாய்த் தோலை வெந்துபோகச் செய்யும். ஜவ்வில் தெரியாத ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கிக் கடும் வலியும் தலைசுற்றலும் வரும். தோல் ஊறிப்போனதும் பூஞ்சை பிடிக்கும்.

காதில் வைத்துக் கொளுத்தும் மெழுகுவர்த்தி?

குழல் போன்ற மெழுகுத் துணியைக் காதில் செருகி மறுமுனையைக் கொளுத்தினால், வெப்பம் அழுக்கை உறிஞ்சிவிடும் என்கிறார்கள். 1996-இல் அமெரிக்காவில் இதை அளந்து பார்த்தார்கள். உறிஞ்சும் அழுத்தம் எதுவும் உண்டாகவில்லை. எரிந்து முடிந்தபின் குழலுக்குள் மிஞ்சும் பழுப்புத் தூள், மெழுகுவர்த்தியின் சொந்த மெழுகு. அதே ஆய்வில் 122 காது மருத்துவர்களிடம் கேட்டபோது தீக்காயம், மெழுகு அடைப்பு, ஜவ்வு ஓட்டை என 21 காயங்கள் பதிவாயின. அழகு நிலையங்களிலும் ஸ்பாக்களிலும் இதைச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

எருக்கிலைச் சாறு, வெங்காயச் சாறு, தாய்ப்பால், சிறுநீர்?

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும் அளவுக்குக் கருவிழியைப் பாதிக்கும். அத்தனை காரமானதை அதே மென்மையான தோலுள்ள காதில் விடச் சொல்வது கொடுமை. வெங்காயச் சாறும் மற்ற இலைச் சாறுகளும் அம்மியின் கிருமியையும் தோட்டத்து மண்ணையும் சேர்த்தே உள்ளே கொண்டு போகும். தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமிர்தம். காதுக்குள் தேங்கினால் கிருமிக்குச் சாப்பாடு. சிறுநீர் எந்தக் காதுக்கும் மருந்தாகாது.

எண்ணெயும் சாறும் தேங்கிய காதை நுண்ணோக்கியில் பார்த்தால், நனைந்த செய்தித்தாளைக் கசக்கி அடைத்த மாதிரி சாம்பல் நிறப் பொதி தெரியும். அதன்மேல் மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். அது காதில் வளரும் பூஞ்சை. அரிப்பு தாங்காது, கேட்பதும் மந்தமாகும். அந்த மந்தத்துக்கு மறுபடியும் எண்ணெய் விடுவார்கள், பூஞ்சை இன்னும் செழிக்கும். அதை எடுக்கக் காதை உறிஞ்சிச் சுத்தம் செய்து, பூஞ்சைக்கான சொட்டு மருந்தை இரண்டு வாரமாவது விட வேண்டியிருக்கும்.

காதில் சீழ் வடிகிறது. மஞ்சள் தூள் ஊதலாமா?

கூடவே கூடாது. நாள்பட்ட சீழ் என்றால் ஜவ்வில் ஓட்டை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டை வழியே போடுவதெல்லாம் நடுக்காதுக்குப் போகும், அங்கிருந்து உள்காது ஒரு மெல்லிய சவ்வு தூரம்தான். மஞ்சள் தூள் கட்டியாகி, சீழ் வெளியேறும் வழியையே அடைக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் ஜென்டாமைசின் சொட்டுகூட இங்கே உள்காதைக் கெடுக்கக்கூடியது.

சீழ் அளவில் குறைவாகவும் அழுகிய நாற்றத்தோடும் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். தோல் உட்புறமாக வளர்ந்து காது எலும்புகளை அரிக்கும் நோய் ஒன்று இப்படித்தான் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் முகவாதம், மூளைக்குள் சீழ் வரை போகும். அதற்கு அறுவைதான் வழி. குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காது வாயிலை மூடுவது மட்டுமே வீட்டில் செய்ய வேண்டியது.

சர்க்கரை நோய் இருக்கிறது. எனக்குத் தனியாக ஏதாவது கவனம் தேவையா?

தேவை. காதைக் குடைந்த சிறு கீறல், சர்க்கரை கட்டுக்குள் இல்லாத முதியவருக்கு எலும்பு வரை பரவும் கிருமித் தொற்றாக மாறக்கூடும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வாய் ஒரு பக்கம் கோணுதல் அதன் அறிகுறிகள். உயிருக்கே ஆபத்தானது. வலிக்குச் சூடான எண்ணெய் விட்டு ஒரு வாரம் பார்ப்பது இவர்களுக்கு ஆகவே ஆகாது.

பூச்சி புகுந்தால் எண்ணெய் விடலாமா?

விடலாம். எண்ணெய்க்கு இது ஒரு நியாயமான இடம். ஜவ்வில் ஓட்டை இல்லாதவர்களுக்கு, காய்ச்சாத சுத்தமான தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டால் பூச்சி இறந்து துடிப்பு அடங்கும். பிறகு மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை பயறோ புளியங்கொட்டையோ போட்டுக்கொண்டால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பெருக்கும். பொத்தான் பேட்டரி என்றால் எதையுமே விடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சில மணி நேரத்தில் தோலையும் ஜவ்வையும் அரித்துவிடும்.

குழந்தை இன்னும் பேசவில்லை. வசம்பு உரசித் தடவினால் பேச்சு வருமா? அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினாராம்.

காது கேட்காத குழந்தைக்குப் பேச்சு வராது. நாக்கில் எதைத் தடவினாலும் அது மாறாது. ஒரு வயதுக்கு முன் தேன் தடவுவதும் ஆபத்து, அதிலுள்ள கிருமியால் தசைகள் செயலிழக்கும் நோய் வரலாம். எண்ணெய்க் குளியலில் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விட்டு ஊதுவதை நிறுத்துங்கள். மூக்கு எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும்.

பிறந்து ஒரு மாதத்துக்குள் கேட்கும் சோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் பெரா (BERA, சத்தத்துக்குச் செவி நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளப்பது) சோதனையால் உறுதி, ஆறு மாதத்துக்குள் காது கருவி. இதுதான் உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. தூங்கும் குழந்தையிடமே வலியில்லாமல் செய்துவிடலாம். மூளை மொழியைப் பிடிக்கும் பருவம் முதல் சில வருடங்கள்தான். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதில் பொருத்தும் மின்கருவி) அறுவை செய்கிறார்கள். “மூணு வயசு வரை பார்ப்போம்” என்று காத்திருக்கும் குடும்பம், அந்தச் சின்ன இடைவெளியில் பாதியை இழந்துவிடுகிறது. சொந்தத்தில் திருமணம், குடும்பத்தில் காது கேளாதவர், கர்ப்பத்தில் ரூபெல்லா அம்மை, பிறந்ததும் கடும் மஞ்சள் காமாலை இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போங்கள்.

“30 நாளில் செவிட்டுத்தன்மை குணம்” என்று விளம்பரம் வருகிறதே?

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் பட்டியலில் செவிடும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதே குற்றம். விளம்பரத்தைப் பார்த்தவுடனே அது சட்டத்துக்குப் புறம்பானது என்று எடுத்துக்கொள்ளலாம். நரம்புக்கு என்று விற்கும் வைட்டமின் மாத்திரை, இரத்தத்தில் குறைபாடு இருந்தால் அந்தக் குறையை நிரப்பும். செத்த மயிரிழைச் செல்களை எழுப்பாது. ஜின்கோ என்னும் மர இலைச் சத்து கலந்த மாத்திரைகளை, இதய நோய்க்கு ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ சாப்பிடுபவர் எடுத்தால் இரத்தக் கசிவு கூடலாம். சித்த மருத்துவம் பார்க்க விரும்புபவர் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் நேரில் போங்கள், ஆடியோகிராம் எடுத்தபின் போங்கள்.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு வரும் காது மெஷின்?

அவை எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெருக்குபவை. வயதானவருக்குப் பொதுவாகத் தாழ்ந்த ஒலி நன்றாகக் கேட்கும், உயர்ந்த ஒலிதான் குறையும். இந்தக் கருவி பாத்திரம் விழும் சத்தத்தையும் சேர்த்துப் பெருக்கி, மிச்சமிருக்கும் செவித்திறனையும் கெடுக்கலாம். காது கருவி, ஆடியோகிராமைப் பார்த்துச் செவித்திறன் வல்லுநர் பொருத்துவது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி வழங்கும் ஒன்றிய அரசின் ‘அடிப்’ (ADIP) திட்டத்திலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவும் கருவி கிடைக்கிறது.

ஏற்கெனவே சூடாக எதையோ ஊற்றிவிட்டோம். இப்போது என்ன செய்ய?

தலையைச் சாய்த்துத் தானாக வழிய விடுங்கள், வெளியே மட்டும் துடையுங்கள். தண்ணீர் பாய்ச்சாதீர்கள், பட்ஸால் ஒத்தாதீர்கள், அதன்மேல் இன்னொரு சொட்டு மருந்து விடாதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். இரத்தம் கசிந்தாலோ, தலை சுற்றினாலோ, கேட்பது குறைந்தாலோ, முகம் கோணினாலோ அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். என்ன ஊற்றினீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சாறு என்றால் அந்த இலையையே ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள்.